பாதையும் ஊரும் ஒரே கட்டடம்

நான்காம் நாள் விடிகாலையில் நாங்கள் பதினான்கு பேர் சூரிய வாசலில் நின்றுகொண்டிருந்தோம். கெச்சுவா மொழியில் அதற்கு இன்டிபுங்கு என்று பெயர். மச்சு பிச்சு முதன்முதலாகக் கண்ணில் படும் இடம் அதுதான் என்று மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லி எங்களை நடத்தி வந்திருந்தார்கள். கீழே வெண்மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இருபது நிமிடம் காத்திருந்தோம். ஒரே ஒரு முறை மேகம் விலகியது. ஒரு படித்தளத்தின் விளிம்பும், பேருந்துப் பாதையின் ஒரு வளைவும் தெரிந்து மறைந்தன. எங்களில் ஒரு பெண்மணி அழுதார். ஏமாற்றமா, களைப்பா, வந்து சேர்ந்துவிட்ட நிம்மதியா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

அந்த இருபது நிமிடத்தில் எழுந்த கேள்வியைத்தான் இங்கே எடைபோட விரும்புகிறேன். பெரு நாட்டின் இந்தச் சிதில நகரத்துக்கு ஓயாந்தாய்தம்போவில் ரயிலேறி, அடிவாரத்தில் பேருந்து பிடித்து, ஒரே நாளில் போய்த் திரும்பலாம். இல்லையென்றால் அதே ரயில்பாதையின் 82ஆம் கிலோமீட்டரில் தொடங்கி, ஏறத்தாழ 42 கிலோமீட்டரை நான்கு நாளில் நடந்து கடக்கலாம். இதுதான் புகழ்பெற்ற இன்கா பாதை. நடந்து போவதே மேல் என்று மலையேறுகிறவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். புறப்படும்போது நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்த நம்பிக்கையை மூன்று வாதங்கள் தாங்கி நிற்கின்றன. ஊரைக் கட்டியவர்கள் வந்த வழியிலேயே நாமும் வருகிறோம் என்பது ஒன்று. பாடுபட்டு வருவதால் அந்தக் காட்சிக்கு உரியவர்கள் ஆகிறோம் என்பது இரண்டு. நடந்தால்தான் அந்த ஊர் புரியும் என்பது மூன்று. மூன்றையும் சேர்த்தே சொல்வது வழக்கம். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அவற்றின் எடை ஒன்றாக இல்லை.

முதல் வாதம் பாதி நிற்கிறது. இன்காக்களிடம் சக்கர வண்டி கிடையாது, குதிரை கிடையாது. ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் நீண்ட அவர்களுடைய சாலைகள் மனிதனின் காலையும் லாமாவின் காலையும் மட்டுமே மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. அந்தச் சாலை வலைப்பின்னலை யுனெஸ்கோ 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வண்டி ஏற முடியாத சரிவில் படிக்கட்டாகவே செங்குத்தாக ஏறும் துணிச்சல் அந்தச் சாலைகளுக்கு இருந்ததற்குக் காரணமும் அவை காலுக்காக மட்டுமே போடப்பட்டதுதான். அந்த வகையில், இன்கா சாலையை நடந்துதான் பயன்படுத்த முடியும் என்பது சரி.

மற்றப் பாதி நிற்கவில்லை. நூற்றாண்டுகளாக அறுபடாமல் மனிதர்கள் நடந்து வந்த பாதை இது அன்று. அமெரிக்கரான ஹிராம் பிங்கம் 1911 ஜூலை 24 அன்று மச்சு பிச்சுவுக்கு வந்தது இந்த வழியில் இல்லை. கீழே உருபம்பா ஆற்றைக் கடந்து, செங்குத்துச் சரிவில் தொற்றி ஏறி வந்தார். இன்று பேருந்து வளைந்து வளைந்து ஏறுவது அந்தச் சரிவில்தான். மலைமுகட்டுப் பாதையின் பகுதிகளை அவர் 1915இல்தான் கண்டார். 1940–41இல் பால் ஃபெயோஸ் தலைமையில் வந்த குழு காட்டை வெட்டி, வழியிலுள்ள சிதிலங்களை வெளிக்கொணர்ந்தது. அதன் பிறகும் படிகள் பழுதுபார்க்கப்பட்டே வந்திருக்கின்றன. பராமரிப்புக்காகவும் மழைக்காகவும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் பாதையை மூடிவிடுகிறார்கள். நாம் மிதிக்கும் கல்லில் இன்கா காலத்துக் கல் எது, நம் காலத்தவர் மாற்றி வைத்த கல் எது என்று காலுக்குத் தெரியாது.

சூரிய வாசலில் நிற்பவருக்குத் தாமே கண்டுபிடித்தவர் போன்ற ஒரு பரவசம் வருகிறது. அதையும் கேள்வி கேட்க வேண்டும். பிங்கமே கண்டுபிடித்தவர் இல்லை. மெல்சோர் ஆர்த்தியாகா என்ற உள்ளூர் விவசாயி அவருக்கு வழிகாட்டினார். மேலே குடும்பங்கள் குடியிருந்து, இன்காக்களின் படித்தளங்களிலேயே பயிர் செய்துகொண்டிருந்தன. மூன்று சன்னல் கோயிலின் சுவரில் அகுஸ்தின் லிசாராகா என்ற பெருவியர் 1902ஆம் ஆண்டிட்டுத் தம் பெயரை எழுதிவைத்திருந்தார். பிங்கம் இந்த ஊரை இன்காக்களின் கடைசிப் புகலிடமான வில்கபம்பா என்று முடிவுகட்டினார். உண்மையான வில்கபம்பா காட்டுக்குள் இருந்த எஸ்பிரித்து பம்பா. 1911இலேயே அங்கும் அவர் போய் வந்திருந்தார். தோண்டியெடுத்த எலும்புகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை என்று அவருடைய குழுவினர் கருதியதால், சூரியக் கன்னியர் வாழ்ந்த மர்ம நகரம் என்ற கதையும் பிறந்தது. ஜான் வெரானோ என்ற ஆய்வாளர் பிற்பாடு அந்த எலும்புகளை மறுபடி ஆராய்ந்தபோது ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சமமாகவே இருப்பது தெரிந்தது. ‘தொலைந்த நகரம்’ என்ற சொல்லை முதுகில் சுமந்துகொண்டு நடந்தால், வந்து சேரும்போதும் ஊரைப் பார்க்க மாட்டோம், அந்தக் கதையைத்தான் பார்ப்போம்.

அப்படியானால் இது என்ன ஊர்? பதினைந்தாம் நூற்றாண்டில் பேரரசர் பச்சாகுட்டிக்கும் அவருடைய குடும்பத்துக்கும் உரிய அரச மனையாகக் கட்டப்பட்டது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ரிச்சர்ட் பர்கர் தலைமையிலான குழு 2021இல் வெளியிட்ட கரிமக் காலக்கணிப்பின்படி, 1420 வாக்கிலேயே அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்களின் மரபணுவை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த கட்டுரை, அவர்கள் பேரரசின் பல மூலைகளிலிருந்தும், அமேசான் காட்டுப் பகுதியிலிருந்துகூட, வந்தவர்கள் என்று காட்டியது. அரச மனையில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். இன்கா பேரரசர் பயணம் போனது பல்லக்கில். ‘இன்காவைப் போல நடந்து வந்தோம்’ என்று சொல்லும்போது, எந்த இன்காவைச் சொல்கிறோம் என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் படிகளில் முதுகில் பாரத்தோடு நடந்தவர்கள் வேறு ஆட்கள். இன்றும் வேறு ஆட்கள்தான்.

இரண்டாவது வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது.

பாதையில் ஒரு நாளைக்கு 500 பேரைத்தான் விடுவார்கள். அவர்களில் பயணிகள் ஏறத்தாழ 200 பேர். மிச்சம் 300 பேரும் வழிகாட்டிகள், சமையல்காரர்கள், சுமைதூக்கிகள். நடந்து பார்க்க வரும் இரண்டு பேருக்கு, நடந்து வேலை செய்கிறவர்கள் மூன்று பேர். கூடாரம், அடுப்பு, எரிவாயு உருளை, அரிசி, முட்டை, நாங்கள் உட்கார மடக்கு நாற்காலி என எல்லாம் அவர்கள் முதுகில்தான் ஏறின. எங்கள் தோளில் தண்ணீர்ப் புட்டியும் மழைக்கோட்டும் ஒளிப்படக் கருவியும் இருந்தன.

இரண்டாம் நாள் ஏற்றத்தை நான் மறக்க மாட்டேன். வார்மிவான்யுஸ்கா கணவாய், 4,215 மீட்டர். இறந்த பெண் என்பது அந்தப் பெயரின் பொருள். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். கடைசி ஒரு மணி நேரம் முப்பது படி ஏறுவேன், நிற்பேன், மறுபடி முப்பது. அப்படி நின்ற ஒரு நேரத்தில் பின்னால் குரல் கேட்டது. வழிகாட்டி சொல்லித் தந்தபடி, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரோடு ஒட்டி ஒதுங்கினேன். என்னைக் கடந்து போனவருக்கு ஐம்பது வயது இருக்கும். பழைய டயரில் வெட்டிச் செய்த செருப்பு. குதிகால் வெடித்து, அந்த வெடிப்புகளில் மண் இறுகிப் போயிருந்தது. மூட்டையை முதுகோடு கட்டியிருந்த துணியின் முடிச்சு நெஞ்செலும்புக்கு மேலே நின்றது. கட்டைவிரல் இரண்டையும் அந்த முடிச்சுக்குள் செருகி, துணி தோலில் அறுக்காதபடி சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டே ஏறினார். அவர் நிற்கவில்லை. நான் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அவர் கட்டிவைத்த கூடாரத்துக்குள் என் படுக்கை விரிந்திருந்தது.

சுமைக்கு வரம்பு வந்ததே அண்மைக் காலத்தில்தான். சுமைதூக்கிகளுக்கான சட்டம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட பிறகே, ஒருவர் தாண்டலாகாத எல்லை 20 கிலோ என்று வகுக்கப்பட்டு, சோதனைச் சாவடியில் மூட்டையை எடைபோடும் வழக்கமும் வந்தது. அதற்கு முன் தூக்கிய பாரத்துக்குக் கணக்கே இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ‘இந்தக் காட்சியை என் உழைப்பால் ஈட்டினேன்’ என்ற வாக்கியம் என் வாயில் வரவில்லை. நான் வருந்தினேன், உண்மை. மூச்சு வாங்கியது, முழங்கால் வீங்கியது, அதுவும் உண்மை. வருந்துவதும் உழைப்பதும் ஒன்றாகிவிடாது. உழைப்பு ஒருவருடையதாகவும் உரிமை இன்னொருவருடையதாகவும் இருக்கும் ஏற்பாட்டை ஈட்டல் என்று சொல்வது சரியில்லை.

குழுவாக நடந்ததில் ஒரு நன்மை கிடைத்தது. அதை மறைக்கக் கூடாது. முதல் நாள் எல்லோருக்கும் முன்னால் ஓடிய இளைஞர் இரண்டாம் நாள் உயர நோயால் வாந்தியெடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்களில் மிக மெதுவாக நடந்த அறுபது வயதுக்காரர் அவருடைய பையையும் வாங்கிக்கொண்டு, தம் நடையிலேயே அவரைக் கணவாய்க்கு மேலே கொண்டுவந்தார். அன்று முதல் அந்தப் பெரியவரின் நடையே எங்கள் எல்லோருடைய நடையும் ஆயிற்று. இது பெரிய பேறு. ஆனால் இதை எந்த மலையும் கொடுக்கும். இதற்கு மச்சு பிச்சு வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு நடந்துபோவதை மதிப்பிடும்போது, எந்த இடத்திலும் கிடைக்கக்கூடியதை அந்தக் கணக்கில் சேர்ப்பது முறையாகாது.

மூன்றாவது வாதம் மிஞ்சுகிறது: நடந்தால்தான் ஊர் புரியும். என் பார்வையில் நிற்கத்தக்க வாதம் இதுதான். ஆனால் இதையும் ‘அனுபவம்’ என்ற பொதுச் சொல்லால் நிறுவ முடியாது. நடந்தவர் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரிந்தது இன்னது என்று விரல்விட்டுக் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கணவாயைத் தாண்டியதும் சிதிலங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்குகின்றன. முதலில் ருங்குராக்காய்: சரிவில் வட்டமாக எழுப்பிய சிறு கட்டடம். பிறகு சயக்மார்க்கா: மூன்று பக்கமும் பள்ளம் விழும் பாறை மூக்கின்மேல், பாறை எப்படி வளைந்ததோ அப்படியே சுவரையும் வளைத்துக் கட்டிய ஊர். அடுத்து மலைப்பிளவை அகலப்படுத்தி, உள்ளே பாறையிலேயே படி செதுக்கிய ஒரு சுரங்க வழி. பிறகு புயுபட்டமார்க்கா, மேகத்துக்கு மேலுள்ள ஊர். மூன்றாம் நாள் மாலையில் வினாய் வாய்னா, என்றும் இளமை. அந்த வட்டாரத்து ஆர்க்கிட் மலர் ஒன்றின் பெயரை ஊருக்கு வைத்திருக்கிறார்கள்.

புயுபட்டமார்க்காவுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் ஒதுங்க இடம் தேடினார்கள். நான் அங்கிருந்த நீர்த்தொட்டிகளின் அருகே குந்தி உட்கார்ந்தேன். ஒன்றின் கீழ் ஒன்றாக, சரிவில் இறங்கும் தொட்டி வரிசை. மேலே உள்ள கல் வாய்க்காலிலிருந்து நீர், சுவரை விட்டுச் சற்றே தள்ளி ஒரே தாரையாக விழுகிறது. வாய்க்காலின் உதட்டில் செதுக்கிய ஒரு சிறு பள்ளம், நீரைச் சுவரோடு வழியவிடாமல் வெளியே எறிகிறது. ஒரு குடத்தை நீட்டினால் சிந்தாமல் நிறையும். தொட்டி நிறைந்து வழிவதில்லை, அதன் அடியிலுள்ள துளை வழியே அடுத்த தொட்டிக்குப் போய்விடுகிறது. அவ்வளவு மழையிலும் என் காலடியில் நீர் தேங்கவில்லை. அது எங்கே போகிறது என்று தேடினேன். நடைபாதைக் கற்களின் ஓரத்தில் கையளவு திறப்பு ஒன்று, அதற்குச் சில அடி தள்ளி இன்னொன்று. மழைநீர் அவற்றுக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மச்சு பிச்சுவில் அதே வரிசையைப் பார்த்தேன். இங்கே பதினாறு நீர்த்தாரைகள். மலையிலுள்ள ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளமுள்ள வாய்க்கால் வழியாக நீர் வருகிறது. முதல் தாரை விழுவது அரசருடைய இருப்பிடத்தின் வாசலருகே. அங்கே விழுந்த பிறகே மற்றப் பதினைந்துக்கும் போகிறது. யார் முதல், யார் அடுத்து என்ற வரிசையை நீரின் ஓட்டமே காட்டிவிடுகிறது. கென்னத் ரைட் என்ற நீர்ப் பொறியாளர் இந்த ஊரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, இன்காக்கள் செய்த கட்டுமானத்தில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு மண்ணுக்குள் இருக்கிறது என்று கணித்தார். படித்தளங்களின் அடியில் பெருங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், எல்லாவற்றுக்கும் மேல் வண்டல். ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டரை நெருங்கும் மழையில், செங்குத்து மலையின் முதுகில், ஐந்நூறு ஆண்டுக்கு மேலாக இந்த ஊர் சரிந்து விழாமல் நிற்பதற்கு இந்த வடிகால் அடுக்குகளே காரணம். பார்வையாளர்கள் வியந்து படமெடுக்கும் சுவர்கள் வெளியே தெரியும் சிறு பகுதி. ஊரின் உயிர் கண்ணுக்குத் தெரியாத கற்குவியலில் இருக்கிறது.

இதை ரயிலில் வந்தவரும் ஒரு நூலைப் படித்து அறிந்துகொள்ளலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் நடந்து வந்தவருக்கு இது தகவலாக வருவதில்லை, அடையாளம் கண்டுகொள்வதாக வருகிறது. வட்டச் சுவரை ருங்குராக்காயில் பார்த்த கண்ணுக்கு, மச்சு பிச்சுவின் சூரியக் கோயிலில் பாறையைச் சுற்றி வளையும் சுவர் ஏற்கெனவே அறிமுகமான முகம். பாறையின் போக்குக்கு விட்டுக்கொடுத்துக் கட்டும் பண்பை சயக்மார்க்காவிலும், மலையின் உட்குழிவைப் பின்பற்றி வளையும் படித்தளங்களை வினாய் வாய்னாவிலும், நீர் வரிசையைப் புயுபட்டமார்க்காவிலும் பார்த்தாகிவிட்டது. ஆலாபனையிலிருந்தே உட்கார்ந்து கேட்டவர் பல்லவியைக் கேட்பதற்கும், பல்லவிக்கு மட்டும் அரங்குக்குள் நுழைந்தவர் கேட்பதற்கும் எவ்வளவு வேறுபாடோ அவ்வளவு வேறுபாடு இது.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பாதை மச்சு பிச்சுவைக் கடைசிவரை காட்டுவதில்லை. மலைமுதுகு ஒன்று குறுக்கே நின்று ஊரை மறைக்கிறது. சூரிய வாசலின் கல் நிலையைக் கடக்கும்போதுதான் ஊர் முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது, அதுவும் மேலிருந்து. நடுவே புயுபட்டமார்க்காவிலிருந்து, மேகம் விடுமானால், தெற்கே சல்கந்தாய் பனிமலை தெரியும். மச்சு பிச்சுவை இத்தகைய புனித மலைகளையும் உருபம்பா ஆற்றையும் வைத்தே விளங்கிக்கொள்ள முடியும் என்பது மானுடவியலாளர் யோகான் ரைன்ஹார்டின் வாதம். அதை முழுதும் ஏற்காதவரும், மலைகளைப் பார்த்தபடி மூன்று நாள் நடந்தபின், இந்த ஊர் மலைகளை நோக்கிக் கட்டப்பட்டது என்பதை உணராமல் இருக்க முடியாது. சாலை, வழியூர்கள், வாசல், நகரம் என்று நாம் நான்காகப் பிரித்துப் பேசுவது ஒரே திட்டத்தில் எழுந்த ஒரே படைப்பு. நகரம் அதன் கடைசி அறை.

இதற்கு எதிராகவும் இரண்டு சொல்ல வேண்டும். இரண்டுமே கனமானவை.

முதலாவது, களைப்பு. கடைசி நாள் எங்களை மூன்றரை மணிக்கு எழுப்பினார்கள். மச்சு பிச்சுவுக்குள் கால் வைத்தபோது விழித்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. எங்களில் பாதிப் பேர் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார்கள். வழிகாட்டி சூரியக் கோயிலின் கல்லிணைப்பை விளக்கியபோது நானே இரண்டு முறை கண்ணயர்ந்தேன். எங்கள் அருகில், ரயிலில் வந்து அடிவாரத்தில் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு முதிய தம்பதி, ஒரே ஒரு சுவரின் முன் கால்மணி நேரம் நின்று ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலைப் பொழுதில் மச்சு பிச்சுவை எங்களைவிட நன்றாகப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது, எண்ணிக்கை. 2019இல் மச்சு பிச்சுவுக்கு வந்தவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். நாளைக்கு 200 பயணிகள், ஆண்டுக்குப் பதினொரு மாதம் என்று கணக்கிட்டால், பாதையில் வரக்கூடியவர்கள் எழுபதாயிரத்தைத் தாண்ட மாட்டார்கள். கட்டுப்பாடு வருவதற்கு முன் இந்தப் பாதை குப்பையாலும் மிதியாலும் எவ்வளவு சீரழிந்தது என்பது பதிவாகியிருக்கிறது. ஊன்றுகோலின் இரும்பு நுனிக்கு ரப்பர் உறை போட்டாக வேண்டும் என்ற விதி இன்று இருப்பது, கல் தேய்கிறது என்பதால்தான். எல்லோரும் நடந்தே வர வேண்டும் என்று சொல்வது, பாதையைப் புகழ்ந்துகொண்டே அதை அழிக்கச் சொல்வதாகும். மூட்டுவலிக்காரர், இதய நோயாளி, கைக்குழந்தையோடு வருபவர் என நடக்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். இந்த ஊர் அவர்களுக்கும் உரியது.

ஆகவே என் தீர்ப்பு இது. நடந்து வருவது மேல் என்ற நம்பிக்கை சரி, ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் தவறு. முன்னோர் தடத்தில் நடந்தோம் என்பதும், வருந்தி ஈட்டினோம் என்பதும் சோதனையில் தேறவில்லை. பாதையும் வழியூர்களும் நகரமும் ஒரே படைப்பு, அதைத் தொடக்கத்திலிருந்து வாசிக்க நடப்பதைத் தவிர வழியில்லை என்பது மட்டுமே தேறுகிறது. இந்தக் காரணத்தை ஏற்றால் நடக்கும் விதமும் மாறியாக வேண்டும். சூரிய வாசலை நான்கு நாளின் உச்சமாக எண்ணி வழியூர்களை இளைப்பாறும் இடங்களாகக் கடப்பவர் நடந்தும் பயனில்லை. மூன்றாம் நாள் மாலை வினாய் வாய்னாவின் படித்தளங்களில் வெளிச்சம் இருக்கும்வரை உட்காருங்கள். முடிந்தால் நான்காம் நாள் இரவு அடிவாரத்தில் தங்கி, மறுநாள் தனிச் சீட்டு வாங்கி, தெளிந்த கண்ணோடு இன்னொரு முறை நகருக்குள் போங்கள். சுமைதூக்கிகளின் கூலியையும் சுமையின் எடையையும் விசாரிக்காமல் எந்தக் குழுவிலும் சேராதீர்கள். நடக்க முடியாதவர்கள் ரயிலில் வாருங்கள். அது குறைபட்ட வருகை என்று யாரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள்.

நான்காம் நாள் இருட்டில், சோதனைச் சாவடி திறப்பதற்காக வரிசையில் காத்திருந்தபோது, கீழே வேறொரு தடத்தில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. எங்கள் கூடாரங்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு சுமைதூக்கிகள் ரயிலடிக்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். விடிகாலை ரயிலை அவர்கள் பிடித்தாக வேண்டும். சூரிய வாசலுக்கு அவர்கள் வருவதில்லை. நெற்றி விளக்குகள் சில மரங்களுக்கிடையே ஆடி ஆடி இறங்கி, ஒரு வளைவில் மறைந்தன. இந்தப் பாதையை எங்கள் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். பாதையும் ஊரும் ஒரே கட்டடம் என்று நான் சொல்வது உண்மையானால், அந்தக் கட்டடத்தை இன்றும் தோளில் தாங்கி நிற்கிறவர்களுக்கு அதன் கடைசி அறை திறந்திருக்க வேண்டும். அதுவரை இந்தப் பயணத்துக்கு நான் முழு மதிப்பெண் தர மாட்டேன்.